வல்லவனுக்குப் புல்லும் ஆயுதமாம்; புல் யாருடையது?

கேட்கிறவன் வாயை அடைக்கத் தமிழில் இரண்டு பழமொழி எப்பவும் தயாரா இருக்கு. சாமான் சரியில்லைன்னு சொன்னா, "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்". சாமானே இல்லைன்னு சொன்னா, "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்". பள்ளிக்கூடத்தில் பூட்டுப் போட்ட விளையாட்டு அலுமாரிக்கு முன்னால நின்ற எல்லாருக்கும் இந்த இரண்டும் மனப்பாடமா இருக்கும்.

இந்தக் கட்டுரை கோல்ஃப் பற்றியது. சிரிக்க வேண்டியவங்க இங்கேயே சிரிச்சிடுங்க. கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, நாங்கள் குண்டசாலைக்காரர்கள், அவ்வளவுதான். கண்டியில் திகன பஸ்ஸில் ஏறினா தென்னக்கும்புர தாண்டி, எங்க ஊர் தாண்டி, பல்லேகலை வரும். அங்கே சர்வதேச கிரிக்கெட் மைதானம். இன்னும் கொஞ்சம் போனா ராஜவெல. அங்கே விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் 18 குழி கொண்ட கோல்ஃப் மைதானம் இருக்கு. டொனால்ட் ஸ்டீல் என்ற ஆங்கிலேயர் வடிவமைச்சது, 1999இல் திறந்தது. இலங்கை முழுக்க இப்படிப்பட்ட மைதானங்களை விரல் விட்டு எண்ணிடலாம். அதில் ஒண்ணு எங்க பிரதேசத்துக்குள்ளேயே இருக்கு. எங்களில் யாரும் அதில் ஒரு பந்து அடிச்சதில்லை.

அடிக்காதவங்களுக்கு அபிப்பிராயம் இருக்கக் கூடாதுன்னு ஒண்ணும் இல்லையே. எங்க கூட்டத்தில் ஒரு மாசமா ஓடுற சண்டை இதுதான்: விலை உயர்ந்த, முதல்தர மட்டை ஆட்டக்காரருக்கு உதவியா, இடைஞ்சலா? ஒரு கட்சி யூடியூபில் மட்டை விமர்சனம் பார்த்தே வளர்ந்த கட்சி. நல்ல சாமான் இருந்தா பாதி ஆட்டம் முடிஞ்சுதுன்னு சொல்லும். மற்றக் கட்சி கண் கலங்குற கட்சி. திறமை இருந்தா மரக்கொம்பே போதும், சாமான் ஆளைச் சோம்பேறியாக்கும்னு சொல்லும். இரண்டு கட்சிக்கும் நாங்கள் எதிர்க்கட்சி. ஆனா இரண்டாவது கட்சிமேலதான் எங்களுக்குக் கோபம் அதிகம்.

(ஒரு சின்ன விளக்கம். இங்கிலிஷில் அடிக்கிற கோலுக்கும் கிளப்னுதான் பேர், அங்கத்தவர்கள் கூடுற இடத்துக்கும் கிளப்னுதான் பேர். நாங்கள் முன்னதை மட்டைன்னு எழுதுறோம். இரண்டும் ஒரே சொல்லா இருக்கிறது தற்செயல்தான், ஆனா பொருத்தமான தற்செயல்.)

முதலில், சாமானில் ஒண்ணுமே இல்லைன்னு சொல்றவங்களுக்கு ஒரு கேள்வி. அப்படின்னா இவ்வளவு சட்டம் எதுக்கு? ஒரு ஆட்டத்துக்கு 14 மட்டைக்கு மேல கொண்டுபோகக் கூடாதுன்னு அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1938இல் விதி போட்டுது. தூரத்துக்கு அடிக்கிற 'டிரைவர்' மட்டையின் தலை 460 கன சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது. அதன் முகம் பந்தை எவ்வளவு துள்ள விடலாம்ங்கிறதுக்கும் அளவு இருக்கு. பந்து 45.93 கிராமுக்கு மேல இருக்கக் கூடாது. இவ்வளவும் போதாம, பந்து ரொம்பத் தூரம் பறக்குது, அதைக் கட்டுப்படுத்தப் போறோம்னு 2023 டிசம்பரில் உலக கோல்ஃப் நிர்வாகிகள் அறிவிச்சாங்க. சாமானைப் பார்த்து நிர்வாகிகளே இப்படிப் பயப்படுறாங்கன்னா அதில் விஷயம் இருக்குன்னுதானே அர்த்தம்.

விஷயம் எங்கே இருக்குன்னு பார்க்கணும். கார்ஸ்டன் சோல்ஹைம்னு ஒரு பொறியியலாளர், ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியில் வேலை பார்த்தவர். பந்தைக் குழிக்குள் தட்டுற மட்டை தன் கையில் சரியா வரலைன்னு 1959இல் தானே வீட்டில் ஒண்ணு செஞ்சார். அவர் யோசனை ரொம்ப எளிமை. மட்டைத் தலையின் நடுவில் குவிஞ்சிருக்கிற எடையை ஓரங்களுக்குத் தள்ளினா, பந்து நடுவில் படாம ஓரத்தில் பட்டாலும் தலை அதிகம் திரும்பாது. பிறகு இரும்பு மட்டைகளுக்கும் அதையே செஞ்சார். தப்பா அடிக்கிறவங்களை மனசில் வெச்சு யோசிச்ச ஆள் அவர். தொழில்நுட்பம்னா எங்களுக்கு அதுதான்.

ஆனா கடையில் 'முதல்தரம்'னு கண்ணாடிக்குப் பின்னால வைக்கிறது பல நேரம் இதுக்கு நேர் எதிர்ச் சாமான். 'பிளேட்'னு ஒரு வகை இருக்கு. மெல்லிசா, பார்க்கவே அழகா, அடிச்சுச் செஞ்ச இரும்பு. எடை முழுக்க நடுவில். டைகர் வுட்ஸ் மாதிரி பந்தைத் திரும்பத் திரும்ப அதே புள்ளியில் அடிக்கிறவங்க கையில் அது பேசும். ஆடத் தொடங்கி ஆறு மாசம் ஆனவர் அதை வாங்கினா, புள்ளி கொஞ்சம் தப்பினாலும் பந்து பாதி வழியில் விழும், உள்ளங்கை விண்ணுன்னு வலிக்கும். தண்டும் அப்படித்தான். வேகமா வீசுறவங்களுக்காகச் செஞ்ச விறைப்பான தண்டு மெதுவா வீசுறவர் கையில் வளையாது. பந்து எழும்பாம வலப்பக்கமா ஓடும். எட்டாம் நம்பர் காலுக்குப் பத்தாம் நம்பர் சப்பாத்து, அதுவும் கடையிலேயே விலை கூடின சப்பாத்து வாங்கின கதைதான். சப்பாத்தில் ஒரு குறையும் இல்லை, நடக்க மட்டும் முடியாது.

அதனால எங்க முதல் வாதம் இது. 'உயர்தரம்'ங்கிறது கடைக்காரர் பாஷை. ஆட்டத்துக்குள்ளே 'பொருத்தம்'னு ஒண்ணுதான் இருக்கு. உங்க உயரத்துக்கும் வீசுற வேகத்துக்கும் பொருந்துற பழைய மட்டை உதவும். பொருந்தாத புது மட்டை எவ்வளவு விலையா இருந்தாலும் இடைஞ்சல்தான். வருஷா வருஷம் புது மாடல் வருது, ஒவ்வொண்ணும் போன வருஷத்தை விடப் பத்து மீற்றர் கூடப் போகும்னு விளம்பரம். எல்லா விளம்பரத்தையும் கூட்டிப் பார்த்தா ராஜவெலயில் அடிச்ச பந்து இப்போ மஹியங்கனையில் விழணும். எல்லாமே இறக்குமதி வேற. 2022இல் சில வாரத்துக்குள்ளே டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனபோது, மட்டைக்குள்ளே ஒண்ணும் மாறல, விலைச்சீட்டுதான் மாறிச்சு.

இனி கண் கலங்குற கட்சிக்கு வருவோம்.

அவங்க கையில் கதைகள் நிறைய. ஸ்பெயின் தேசத்து செவே பயஸ்டெரோஸ் ஒரே ஒரு பழைய மூன்றாம் நம்பர் இரும்பு மட்டையை வெச்சுக் கடற்கரையில் பழகி, 1979இல் பிரிட்டிஷ் ஓபன் வென்றார். உண்மை. புவெர்ட்டோ ரிக்கோவின் சி சி ரொட்ரிகெஸ் கொய்யாக் கொம்பை மட்டையாக்கி, நசுக்கின தகரப் பேணியைப் பந்தாக்கி ஆடினார். அதுவும் உண்மை. ஆனா கதை சொல்றவங்க எதை விட்டுட்டுச் சொல்றாங்கன்னு பாருங்க. செவேயின் மாமா ரமோன் சோட்டா பெரிய தொழில்முறை ஆட்டக்காரர். அண்ணன்மாரும் அதே தொழில்தான். கோல்ஃப் மைதானம் வீட்டுப் பக்கத்திலேயே. ரொட்ரிகெஸ் சின்ன வயசிலேயே மைதானத்தில் பை தூக்கப் போனவர். இரண்டு பேருக்கும் மட்டை இல்லாம இருந்திருக்கலாம். மண்ணும் புல்லும் இருந்துச்சு, பார்த்துப் பழக ஆளும் இருந்துச்சு.

எங்களை உண்மையிலேயே உலுக்கினது இன்னொருத்தர் கதை. பேர் பப்வா செவ்கோலும், ஊர் தென்னாப்பிரிக்காவின் டர்பன். எங்க பாட்டன் பாட்டிகளை எந்தக் காலம் தேயிலைக்கும் கோப்பிக்கும் கொண்டுவந்து இறக்கிச்சோ, அதே காலம் கரும்புக்குக் கொண்டுபோய் இறக்கின இந்தியக் கூலிகளின் வம்சம் அவர். சின்ன வயசில் மரக்கொம்பை வெச்சுத் தானே பழகினார். யாரும் சொல்லித் தராததால கையை மாத்திப் பிடிச்சார். வலக்கை ஆட்டக்காரங்க எல்லாரும் இடக்கையை மேல வெச்சுப் பிடிப்பாங்க, இவர் கீழ வெச்சார். மைதானத்தில் பை தூக்கினார். அவர் முதலாளி கிரஹாம் வுல்ஃப் ஆட்டத்தைப் பார்த்து 1959இல் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். போன வருஷமே டச்சு ஓபன் அவர் கையில். 1960இல் மறுபடியும், 1964இல் இன்னொரு தடவையும்.

இதுவரைக்கும் சொல்லி நிறுத்தினா கட்டைக் கதை பிரமாதம். ஆனா நிறுத்தக் கூடாது. 1963இல் தன் சொந்த ஊரில் நடந்த நேட்டால் ஓபனை வென்றார். நிறவெறிச் சட்டத்தால கிளப் கட்டடத்துக்குள்ளே அவர் நுழைய முடியாது. மழை. வெள்ளைக்கார ஆட்டக்காரங்க உள்ளே இருந்தாங்க, வென்றவர் வெளியே நனைஞ்சுகிட்டே கோப்பையை வாங்கினார். அந்தப் படம் உலகம் முழுக்கப் போச்சு. 1965இல் அதே போட்டியில் கேரி பிளேயரையே தோற்கடிச்சார். அதுக்குப் பிறகு அரசாங்கம் போட்டிகளில் ஆட அவருக்குத் தடை போட்டுது. 1978இல் ஏழையா செத்துப்போனார்.

இப்போ சொல்லுங்க, அவரைத் தோற்கடிச்சது மட்டையா? கொம்பை வெச்சுப் பழகினதால ஒரு போட்டியில் கூட அவர் தோற்கலை. ஐரோப்பாவுக்குப் போனபோது அவர் கையில் கொம்பும் இல்லை, எல்லாரையும் போல முழுசா மட்டைகள் இருந்துச்சு. அவரை நிறுத்தினது கதவு. "கொம்பு போதும்"னு நாம உருகும்போது அந்தக் கதவைப் பற்றிப் பேசாம இருக்க நமக்கு ஒரு வழி கிடைச்சிடுது. இல்லாதவன்கிட்ட "உனக்கு ஒண்ணும் தேவையில்ல, திறமை போதும்"னு சொல்றதை விட மலிவான பாராட்டு உலகத்தில் கிடையாது.

நம்ம ஊர்லயும் இப்படி ஒரு கதை சொல்றோம். முரளிதரன் கதை. குண்டசாலையில் பிஸ்கட் தொழில் செஞ்ச குடும்பம், மலையகத் தமிழ்ப் பையன், நிமிராத முழங்கை, 800 டெஸ்ட் விக்கெட். எல்லாம் சரி. ஆனா கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் மைதானம் இருந்துச்சு. 14 வயசில் வேகப்பந்தை விட்டுட்டு சுழல் போடுன்னு சொன்ன பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ இருந்தார். அந்த முழங்கையோட, மைதானமே இல்லாத ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிச்ச பையன்கள் எத்தனை பேர் இருந்தாங்க? அவங்க கதையை யாரும் சொல்றதில்ல.

இலங்கை கோல்ஃபும் இதையேதான் சொல்லுது. 2002 புசான் ஆசிய விளையாட்டில் வெள்ளி எடுத்தவர் அனுர ரோஹன. இந்தியத் தொழில்முறைச் சுற்றில் ஆடுறவங்களில் நம்ம தங்கராஜாவும் பிரபாகரனும் இருக்காங்க. மிதுன் பெரேராவின் அப்பா நந்தசேன பெரேராவும் தொழில்முறை ஆட்டக்காரர்தான். இந்த நாட்டின் நல்ல ஆட்டக்காரங்களில் பல பேர் 'கெடி'யா, அதாவது அடுத்தவங்க பையைத் தூக்கி, உள்ளே வந்தவங்க. பையைத் தூக்கும்போது அவங்க கையில் சொந்த மட்டை இல்லை. ஆனா காலடியில் புல் இருந்துச்சு, ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் நல்ல ஆட்டமும் மோசமான ஆட்டமும் பக்கத்திலேயே நின்னு பார்க்கக் கிடைச்சுது.

அதுக்காக, கெடிக்கு மட்டையே வேண்டாம்னு நாங்கள் சொல்லல. அங்கேதான் சாமான் வேலை செய்யும். ஒரு பெரிய மனுஷர் தன் பழைய மட்டையைப் பையனுக்குத் தானமா கொடுக்கிறார், நீளம் கூடன்னு தண்டைப் பாதியில் வெட்டிக் கொடுக்கிறாங்கன்னு வெச்சுக்குங்க. வெட்டின தண்டு முன்னைவிட விறைக்கும். தலை பெரிய ஆளுக்கான எடையிலேயே இருக்கும். பையன் அதைத் தூக்கிச் சுத்தவே உடம்பைக் கோணலாக்கிப் பழகுவான். அந்தக் கோணல் பத்து வருஷம் கழிச்சும் போகாது. கூடம் நிஜமாவே கோணல், ஆடுறவனைச் சொல்லிக் குற்றமில்ல. அதே பழைய மட்டைக்கு லேசான தண்டு ஒண்ணு மாட்டிக் கொடுத்தா, விலை ஒண்ணும் வானத்தைத் தொடாது. பையனோட ஆட்டம் வேறயாயிடும்.

"கோல்ஃப் பணக்காரன் விளையாட்டு, அவ்வளவு தண்ணியும் நிலமும் குடிக்கிற புல்லுக்கு நீங்க ஏன் வக்காலத்து வாங்குறீங்க?"ன்னு எங்க தோழர்கள் கேட்கிறாங்க. கேள்வி நியாயம். விக்டோரியா அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரமே தண்ணிக்குள்ளே போன பிரதேசம் இது. நிலம் யாருக்குன்னு கேட்க எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனா புல் வெட்டுறதும் பை தூக்குறதும் பந்து பொறுக்குறதும் எங்க ஆட்கள்தான். வேலைக்கு உள்ளே போகலாம், விளையாட உள்ளே போகக் கூடாதுன்னா, விளையாட்டைத் திட்டுறதால மட்டும் அந்தக் கதவு திறக்காது.

அதனால மட்டை கேட்டு நாங்கள் மனுப் போடப் போறதில்லை. தானம் செய்றவங்களுக்குப் பிடிச்ச படம் அது, பையன் கையில் பளபளன்னு ஒரு மட்டை, பக்கத்தில் சிரிச்ச முகம். இலங்கையில் எந்தக் கோல்ஃப் மைதானமா இருந்தாலும் நாங்கள் கேட்கிறது இதுதான்: கூட்டம் இல்லாத வார நாளில் ஒரு காலை, பக்கத்துப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் கெடிகளின் பிள்ளைகளுக்கும். ஐந்து பேருக்கு ஒரு மட்டை இருந்தாலும் போதும், அவங்க உயரத்துக்குச் சரியா இருக்கணும். சொல்லித்தர, அங்கே வருஷக்கணக்கா பை தூக்கின அண்ணன்மாரில் ஒருத்தர், சம்பளத்தோட. டிரைவர் வேண்டாம். குழிக்குப் பக்கத்தில் நின்னு தட்டப் பழகினா முதல் வருஷத்துக்கு அதுவே தாராளம்.