தவளைச் சொக்கலேற்றும் நாவின் தீர்ப்பும்

உணவை உண்பது வாய் என்று உலகம் சொல்லும். ஆயினும் வாய்க்கு முன்னே கண் உண்டுவிடுகிறது. சில வேளைகளிற் கண்ணுக்கும் முன்னே காது உண்டுவிடுகிறது. கறுத்தக்கொழும்பான் என்று பெயர் சொல்லி விற்ற மாம்பழம், அஃது எந்த மரத்திற் காய்த்ததாயினும், வாங்கியவருக்குப் பாதி இனித்துவிட்டது. மீதிப் பாதிதான் நாவின் பங்கு. இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் மாம்பழத்தினும் மிகச் சிறியது. சிறுவரின் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் உருவச் சொக்கலேற்றே அது. பொருள் சிறிதாயினும், அதனைச் சுவைத்து ஒப்புநோக்குவதிற் பிள்ளைகள் கற்கக்கூடிய பாடம் சிறிதன்று என்பது நம் எண்ணம்.

முயல், கரடி, மீன், முட்டை என்று அச்சில் வார்க்கப்படும் சொக்கலேற் உருவங்கள் பல உள. அவற்றுள் நெடுங்காலம் நிலைத்தது அவுஸ்திரேலியாவின் தவளை. 'பிரெடோ' என்பது அதன் பெயர். மெல்பேண் நகரின் பிற்ஸ்ரோய்ப் பகுதியில், மக்பேர்சன் றொபேட்சன் என்பவர் 1880ஆம் ஆண்டிலே தம் வீட்டுக் குளியலறையில் மிட்டாய் காய்ச்சத் தொடங்கினார். அச்சிறு முயற்சி வளர்ந்து பெருந்தொழிற்சாலையாயிற்று. கட்டடங்களுக்கு வெள்ளை நிறம், தொழிலாளருக்கு வெள்ளை உடை என்பது அவர் வகுத்த ஒழுங்கு. தென்துருவ ஆராய்ச்சிப் பயணமொன்றுக்கு அவர் பொருளுதவி புரிந்தமையால், பனி மூடிய அக்கண்டத்தின் ஒரு பகுதி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1930ஆம் ஆண்டிலே அத்தொழிற்சாலையார் சிறுவருக்கெனப் புதியதொரு பெனிச் சொக்கலேற்றை வார்க்க எண்ணினர். எலியுருவிற் செய்யலாம் என்பது முதல் யோசனை. அங்கே அச்சுவார்க்கும் வேலை பார்த்த ஹரி மெல்பேண் என்னும் பதினெட்டு வயது இளைஞரோ, எலியைக் கண்டாற் பெண்களும் பிள்ளைகளும் அஞ்சுவர், தவளையே தக்கது என்று எடுத்துரைத்தாராம். முதலாளி இசைந்தார்; தவளை பிறந்தது. 1967இல் அத்தொழிற்சாலையைக் கட்பரி நிறுவனம் வாங்கியது. தொழிற்சாலை கைமாறிய பின்னரும் தவளை அழியவில்லை. தவளை தன் வாயாற் கெடும் என்பது நம் பழமொழி. இந்தத் தவளையோ தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் வாயாற் கெட்டும் வாழ்ந்துகொண்டிருக்கிறது.

தவளையையா தின்பது என்று முகஞ்சுளிப்பவருக்கு ஒன்று சொல்வோம். நம் ஊர்ச் சிறுவர் காலங்காலமாகப் 'பல்லிமுட்டை' இனிப்பைக் கைநிறைய வாங்கித் தின்கின்றனர். அதனைத் தின்றபோது எவரும் பல்லியை நினைத்ததில்லை. உருவமும் பெயரும் பிள்ளையை அழைப்பதற்கு ஏற்பட்டவை. அழைப்பை ஏற்றுச் சென்றபின் அங்கே கிடைப்பது என்ன என்று பார்ப்பதே அறிவு.

சிறு சொக்கலேற்றுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. பிள்ளையொன்று தன் கைக்காசைக் கொடுத்துத் தானே தெரிந்து வாங்கும் முதற்பொருள் பெரும்பாலும் இத்தகையதே. உடுப்பைத் தாய் தெரிகிறாள். கொப்பியைத் தந்தை தெரிகிறான். மிட்டாய்ப் போத்தலின் முன்னே மட்டும் பிள்ளை தானே தீர்ப்பாளன். பிரித்தானியாவில் ஒருகாலத்தில் 10 பென்சுக்கு விற்ற இத்தவளை 2017இல் 30 பென்ஸ் ஆயிற்று. வாழ்க்கைச் செலவு எவ்வளவு ஏறிற்று என்பதை அந்நாட்டு மக்கள் தவளையின் விலைகொண்டு பேசிக்கொள்வதும் வழக்கமாயிற்று. சிறுவயதில் தம் கைக்காசு கொடுத்து வாங்கிய பொருளின் விலையை ஒருவரும் மறப்பதில்லை.

இனிச் சுவைக்கு வருவோம். உருவம் மாறினாற் சுவை மாறுமா? 2013ஆம் ஆண்டு பிரித்தானியாவிலே ஒரு வழக்கு எழுந்தது. நீதிமன்றத்தில் அன்று, நாவின் மன்றத்தில். கட்பரியின் பெயர்பெற்ற பாற்சொக்கலேற்றின் கட்டிகள் முன்னர்ச் சதுர முனையுடன் இருந்தன. பின்னர் வளைந்த முனையுடன் வார்க்கப்பட்டன. உண்டவர் பலர், இனிப்புக் கூடிவிட்டது, செய்முறையை மாற்றிவிட்டார்கள் என்று முறையிட்டனர். மாறியது வடிவமே, செய்முறை மாறவில்லை என்பது நிறுவனத்தார் மறுமொழி. இரு பக்கத்தும் உண்மை இருத்தல் கூடும். கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகை செல்சியஸிற் கரைவது; நம் வாயின் வெப்பமோ 37 பாகையை அண்டியது. எனவே வாயிலிட்ட கணமே சொக்கலேற் உருகத் தொடங்குகிறது. கட்டியின் தடிப்பும் வளைவும் வேறுபட்டால், அது நாவிற் படியும் விதமும், உருகும் வேகமும், மணம் எழும் வேகமும் வேறுபடும். தவளையின் மெல்லிய காலை முதலிற் கடிப்பவனும் தடித்த வயிற்றை முதலிற் கடிப்பவனும் ஒரே சுவையை ஒரே வேகத்திற் பெறார்.

மெல்பேணிற் குடியிருக்கும் நம் மருமகன் அண்மையில் ஒரு பொதி கொண்டுவந்தான். அதனுள் ஐவகை இருந்தன. வெறும் பாற்சொக்கலேற் தவளை ஒன்று; அரிசிப்பொரி கலந்த தவளை ஒன்று; ஸ்ரோபரி மணக்கும் குழம்பு நிறைத்தது ஒன்று; பெப்பமின்ற் குழம்பு நிறைத்தது ஒன்று; இவற்றோடு கரமல் பாகு நிறைத்த கோவாலா உருவம் ஒன்று. ஐந்துக்கும் மேலுறை பாற்சொக்கலேற்றே. வேறுபாடு உள்ளே கலந்தவற்றில்.

முதலிற் கடதாசியுறையைக் காட்டி, எது சிறந்ததாக இருக்கும் என்று வீட்டாரைக் கேட்டோம். மூத்தவள் பெப்பமின்ற் என்றாள். நான்காம் வகுப்பிற் படிக்கும் இளையவன் அக்காளின் முகத்தைப் பார்த்தான். தானும் அதுவே என்றான். சற்றுக் கழித்து, ஸ்ரோபரியும் நல்லது என்று சேர்த்துக்கொண்டான். இல்லாள் வெறும் பாற்சொக்கலேற்றைச் சுட்டினாள். நம் அன்னையார் தவளை என்ற சொல்லைக் கேட்டதுமே கையை மடக்கிக்கொண்டார்.

அதன்பின் முறைப்படி சோதித்தோம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அரைமணி நேரம் வெளியே வைத்தோம். மிகக் குளிர்ந்த சொக்கலேற் உருகத் தாமதிக்கும். மணமும் அடங்கியே கிடக்கும். நம் ஊர் வெயிலில் மேலும் நேரம் வைத்தால் இளகிவிடும். இளகி மீண்டும் இறுகினால் மேலே வெண்பூச்சுப் படரும். அது பூஞ்சணமன்று, கொழுப்பு மேலெழுந்து படிவதே. உண்ணத் தீங்கில்லை, வழுவழுப்பு மட்டுமே கெடும். உருவம் தெரியாதவாறு யாவற்றையும் ஒரே அளவான துண்டுகளாக வெட்டினோம். கண்களைக் கட்டினோம். ஒவ்வொன்றுக்கும் இடையிலே வெதுவெதுப்பான நீரால் வாயைக் கொப்பளிக்கச் செய்தோம். பெப்பமின்றை இறுதிக்கு வைத்தோம். அது முன்னே சென்றாற் பின்வருவன யாவும் அதன் வாடையையே பெறும். இறுதியாக ஒரு விதி: ஒவ்வொரு துண்டும் முடிந்ததும் கட்டை அவிழ்த்துத் தாளில் எழுதவேண்டும், எழுதி முடியும்வரை ஒருவரும் வாய் திறத்தல் ஆகாது. அன்னையாரும் இசைந்தார். "கண்ணை மூடினாத் தவளையெண்டா என்ன, கிளியெண்டா என்ன!" என்பது அவர் வாதம்.

வெறும் பாற்சொக்கலேற் முதலில் வந்தது. இதனை விவரிப்பதே எல்லாவற்றினும் கடினம். முன்னே இனிப்பு, நடுவே பாலின் கொழுமை, இறுதியில் மெல்லிய கைப்பு என மூன்று படிகளில் அது இறங்கும். அவசரமாக மென்று விழுங்குபவனுக்கு முதற்படி மட்டுமே கிட்டும். அரிசிப்பொரித் தவளையிற் சுவை மாறவில்லை. செவிக்கு ஒரு பங்கு கூடிற்று. உருகும் சொக்கலேற்றிடையே பொரி நொறுங்குவதால் இனிப்புத் திகட்டுவதும் குறைகிறது.

ஸ்ரோபரியின் உள்ளே இருப்பது பழத்துண்டன்று, பழத்தின் மணம் ஏற்றிய இனிப்புக் குழம்பு. மூக்கைப் பொத்திக்கொண்டு சுவைத்தால் வெறும் இனிப்பே எஞ்சும். விரலை எடுத்ததும் பழம் வந்து நிற்கும். சுவையென்று நாம் சொல்வதிற் பெரும்பங்கு மூக்கின் வேலை என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க இதனினும் எளிய வழியில்லை. கோவாலாவின் கரமல், சீனியும் பாலும் சூட்டிற் சிவந்த பாகு. "பனங்கட்டிப் பாகு முத்தின மணம்" என்று அன்னையார் நம்மைக்கொண்டு எழுதுவித்தார். அது சரியான மொழியே. பெப்பமின்றின் குளிர்ச்சி ஒரு தோற்றமே. வாயின் வெப்பம் சிறிதும் குறைவதில்லை. குளிரை அறிவிக்கும் நரம்பை மெந்தோல் தட்டியெழுப்புகிறது. அந்நரம்பின் வாயிலை மெந்தோல் கொண்டே தனித்தனியாகக் கண்டறிந்தவர்கள் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் என்னும் அறிஞர்கள். சூட்டையும் தொடுகையையும் உடல் உணரும் வகையை ஆராய்ந்தமைக்காக 2021இல் இருவரும் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

தாள்களைத் திறந்தோம். மூத்தவள் முதலிடம் தந்தது பெப்பமின்றுக்கன்று, அரிசிப்பொரிக்கு. இல்லாள் சொன்ன சொல் மாறவில்லை. அன்னையார் கரமலுக்கு முதலிடமும் தவளைக்கு இரண்டாம் இடமும் அளித்தார். இளையவனின் தாளிலே ஸ்ரோபரிக்கு நேரே "காய்ச்சல் மருந்து மாதிரி" என்றும், பெப்பமின்றுக்கு நேரே "பல்லுத் தீட்டின மாதிரி" என்றும் இருந்தன. அவன் முதலிடம் கொடுத்தது வெறும் பாற்சொக்கலேற்றுக்கு. இரண்டு உறைகளையும் கண்டதும், அது தன் எழுத்தே அன்று என்று சாதித்தான்! பிழையின்றி எழுதியிருந்தமையால் அவன் வாதம் ஓரளவு நம்பத்தக்கதாகவும் இருந்தது.

நம் தீர்ப்பையும் கேட்பீராயின் கூறுவோம். முதலிடம் வெறும் பாற்சொக்கலேற்றுக்கே. மறைக்க ஒன்றுமில்லாமையால் அது தன் தரத்தைத் தானே காட்டவேண்டியிருக்கிறது. அடுத்தது அரிசிப்பொரி, மூன்றாவது கரமல், நான்காவது பெப்பமின்ற். ஸ்ரோபரி இறுதியில் நிற்கும். அதன் மணம் சொக்கலேற்றை முற்றாக மூடிவிடுகிறது.

எனினும் நம் வரிசை உங்கள் வரிசையாதல் வேண்டியதில்லை. நாம் மகிழ்ந்தது வேறொன்றுக்கு. வாயாற் சொன்னபோது அக்காளின் விடையையே தம்பியும் சொன்னான். எழுதியபோது தன் விடையைத் தானே கண்டான். வகுப்பறையிலும் இதனை நாளும் காண்கிறோம். செய்யுளொன்றைப் படித்துவிட்டுக் கருத்தென்ன என்று கேட்டால், முதலில் எழுந்தவன் சொன்னதே நாற்பது பேரின் கருத்தும் ஆகிவிடும். இவர்கள் அறியாதவர்களல்லர், தாம் அறிந்ததைப் பிறர் முகம் பார்க்குமுன் குறித்துக்கொள்ளப் பழகாதவர்கள். சுவையிற் பழகாதது செய்யுளிலும் வராது. நாளைக்குத் தொழிலைத் தெரிவதிலும் வாக்களிப்பதிலும் எங்ஙனம் வரும்?

ஆகவே பெற்றோர்க்கு நாம் சொல்வது இது. கடல் கடந்து தவளை வரவேண்டுமென்று காத்திருக்கவேண்டாம். சந்திக் கடையில் விற்கும் இருவகைப் பாற்சொக்கலேற் போதும். இல்லையேல் இரு மரத்து மாம்பழம், இரு ஊர்ப் பனங்கட்டி போதும். ஒரு ஞாயிறு மாலை பிள்ளைகளின் கண்ணைக் கட்டுங்கள். கையிலே பென்சிலைக் கொடுங்கள். அவர்கள் எழுதும்வரை நீங்களும் முகத்திற் குறி காட்டாதிருங்கள். 'எல்லாருக்கும் இது பிடிக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை' என்று ஒரு பிள்ளை எழுதுமாயின், அதனைத் திருத்தாதீர்கள். ஏன் என்று மட்டும் கேளுங்கள்.