எல்லை மூடினால் படிப்பு என்னாகும்?

கொரோனா பெருந்தொற்று பரவிய 2020இல், கர்நாடகத்தின் அத்திபெலே எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டின் ஓசூருக்குள் நுழையவே இ-பாஸ் தேவைப்பட்டது. பக்கத்து ஊருக்கே இந்தக் கெடுபிடி என்றால், கடல் கடந்து படித்தவர்களின் பாட்டைச் சொல்லவே வேண்டாம். சீனாவில் மருத்துவம் படித்துவந்த ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள், 2022 ஆகஸ்ட் வரை விசா கிடைக்காமல், வீட்டில் கைபேசித் திரையைப் பார்த்தே உடற்கூறியல் கற்றார்கள். அதற்கிடையே, முழுக்க ஆன்லைனில் முடித்த மருத்துவப் படிப்புக்கு அங்கீகாரம் இல்லை என்று தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. நோயாளியைத் தொட்டுப் பார்க்காதவர் மருத்துவராக முடியாது என்பதால் ஆணையத்தின் நிலைப்பாடு சரியே. மாற்று ஏற்பாடு இல்லாமல் பல்கலைக்கழகங்கள் மாணவர்களைச் சேர்த்ததுதான் தவறு.

எதிர்பாராத பெருந்தொற்றில் பல்கலைக்கழக நிர்வாகங்கள் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். செய்து காட்டியவர்களும் உண்டு. ஆன்லைனில் மட்டும் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் வெளியேற வேண்டும் என்று 2020 ஜூலை 6 அன்று அமெரிக்க அரசு அறிவித்தது. இரண்டே நாளில் ஹார்வர்டும் எம்ஐடியும் வழக்குத் தொடுத்தன. ஜூலை 14 அன்று அரசு பின்வாங்கியது. அவை செல்வம் கொழிக்கும் நிறுவனங்கள்தான். ஆனால், மாணவர் பக்கம் நிற்க முதலில் வேண்டியது மனம்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து வழங்கும் கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டத்துக்கு 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிகள் வகுத்தது; லிவர்பூல் பல்கலைக்கழகம் பெங்களூருவுக்கே வருகிறது. இப்படி எல்லை தாண்டிய படிப்புகள் பெருகும்போது, மீண்டும் எல்லை மூடினால் செய்முறைப் பயிற்சி எங்கே, கட்டணத்தில் எவ்வளவு திரும்பும், பட்டம் இங்கே செல்லுமா? இவற்றுக்கான பதிலைச் சேர்க்கை ஒப்பந்தத்திலேயே எழுதித்தருவதை யுஜிசி கட்டாயமாக்க வேண்டும்.