மருவூர்ப்பாக்கத்தை முதலில் காண்போம்

துபை சென்று மீளும் தமிழர் எழுதும் பயணக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வாயில் வழியாகவே அந்நகருக்குள் நுழைகின்றன. விமான நிலையத்தின் ஒளிவெள்ளம், ஓட்டுநரின்றி ஓடும் மெட்ரோ, 828 மீட்டர் உயர்ந்து நிற்கும் புர்ஜ் கலீஃபா, அங்கிருந்து எடுத்த நிழற்படம், கட்டுரை நிறைவுற்றுவிடும். வியப்பதில் குற்றமில்லை. எனினும், ஒரு நகரைக் காணும் முறை இதுதானா என்னும் வினா நம்முள் எழாமலில்லை.

மஞ்சக்குட்டையிலிருந்து சென்ற நமக்கு உயரம் அத்துணைப் பெரிதாகத் தோன்றவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தைப் பேருந்திலேயே எட்டிவிடும் சேர்வராயன் மலைமக்களை மின்தூக்கி எவ்வளவு மருட்டிவிடும்? நம்மைத் திகைக்கச் செய்தது தண்ணீர். ஊர்ப்பெயரிலேயே குட்டையைத் தாங்கி, மழையை நம்பிக் காப்பியும் மிளகும் வளர்க்கும் மண்ணினர் நாம். அங்கோ சாலையோர மரங்களின் அடியில் குழாய்கள் ஓடுகின்றன. ஆண்டு மழை சராசரியாக 100 மில்லிமீட்டரையும் எட்டாத அந்நிலத்தில், குடிநீரின் பெரும்பகுதி ஜெபல் அலியில் கடல்நீரை உப்பகற்றிப் பெறப்படுவது. மரங்களுக்குச் செல்வதோ பெரும்பாலும் தூய்மைசெய்த கழிவுநீர். அத்தகைய நகரை 2024 ஏப்ரல் 16 அன்று பெய்த மழை ஒரே நாளில் மிதக்கவிட்டதையும் உலகம் கண்டது.

இந்நகர் எண்ணெயால் மட்டும் எழுந்ததன்று. அங்கு எண்ணெய் கண்டறியப்பட்டது 1966இல். அதற்கு முன்னரே, 1959இல் தொடங்கி, கடன் பெற்றுத் தம் கடற்கழியைத் தூர்வாரி வணிகக் கலங்களுக்கு வழிவிட்டனர். அதற்கும் முன்னர் அவர்தம் வாழ்வு முத்துக்குளிப்பில் இருந்தது. 1930களில் ஜப்பானிய வளர்ப்பு முத்து அதனை வீழ்த்தியது. மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபத்தை அறிந்த நமக்கு இவ்வரலாறு அயலானதன்று. 1966 வரை அங்குப் புழங்கியது இந்தியா வெளியிட்ட ரூபாய் என்பதைத் திர்ஹத்தின் மதிப்பை நாள்தோறும் வினவும் இற்றைத் தலைமுறை நம்புமா?

ஈண்டு இளங்கோவடிகளை நினைத்தல் தகும். புகார் நகரைக் காட்டப் புகுந்த அவர் அரச வீதியும் மாளிகையும் உள்ள பட்டினப்பாக்கத்தில் தொடங்கவில்லை. அயல்நாட்டார், நெய்வோர், பரதவர், உப்பு விற்போர், தச்சர், கொல்லர் ஆகியோர் வாழும் மருவூர்ப்பாக்கத்தையே முதலில் காட்டுகிறார். இவ்வரிசை தற்செயலானது என நாம் கருதவில்லை.

துபைக்கும் ஒரு மருவூர்ப்பாக்கம் உண்டு. தேராவின் கடைத்தெருக்களும், கழியைக் கடக்கும் அப்ரா படகுகளும், தொழிலாளர் குடியிருப்புகள் நிறைந்த சோனாப்பூரும் அதுவே. சோனாப்பூர் என்றால் பொன்னூர். பெயர் சூட்டியவர் எவரோ, நகைச்சுவை உணர்வுடையவர். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வெயிலில் வேலை வாங்கலாகாது என்று அந்நாட்டில் விதி உள்ளது. அவ்விதி ஏன் தேவைப்பட்டது என்பதைக் கோபுர உச்சியில் நிற்பவர் அறியார். கீழே சாரத்தில் நின்றவர் அறிவார்.

நம் மாணவருள் பலர் பட்டம் பெற்ற கையோடு கடவுச்சீட்டையும் பெறுகின்றனர். அவர்களில் எத்தனை பேர் ஒப்பந்தத்தை முழுதும் படித்துக் கையொப்பமிடுகின்றனர்? கோபுரத்தை மட்டும் காட்டும் எழுத்து அவர்களுக்குச் செய்வது உதவியன்று. வயல்வெளிப் பாடல்களையும் தாலாட்டுகளையும் ஊர் ஊராய்ச் சென்று தொகுத்த பெருமை தமிழ்த்துறைகளுக்கு உண்டு. வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தோரின் வாய்மொழியையும் அவ்வாறே தொகுத்தால் என்ன? ஓர் அறையில் எத்தனை கட்டில்கள், முதல் ஊதியம் எத்தனையாம் மாதம் கைக்கு வந்தது, நோன்புக் காலத்துப் பகல் எவ்வாறு கழிந்தது, கட்டிய மாடத்துள் ஒருமுறையேனும் நுழைந்தது உண்டா என்று கேட்கலாம். அடுத்த ஆண்டு மலரில் பயணக் கட்டுரைக்கு ஒதுக்கும் பக்கங்களில் பாதியை அவர்களுக்குத் தரலாம்.