எவ்வளவு தொலைவில் சோதித்தோம்?

மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் கணக்கெடுக்கப்பட்ட 1 கோடியே 18 லட்சம் மரங்களின் தரவைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2020-இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியானது. பியர் ப்ளோட்டனும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்தது இது: செயற்கைக்கோள் படங்களையும் சுற்றுச்சூழல் தகவல்களையும் உள்ளீடாகக் கொடுத்து, காட்டின் உயிர்த்திரளைக் கணிக்கும் ஒரு ரேண்டம் ஃபாரஸ்ட் மாதிரியை உருவாக்கினார்கள். பெரும்பரப்புக் கரிம வரைபடங்கள் தயாரிப்பவர்கள் கையாளும் அதே வழிமுறைதான். தரவைக் கலைத்து, ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் மறு பகுதியைச் சோதனைக்கும் ஒதுக்கியபோது, உயிர்த்திரள் மாறுபாட்டில் பாதிக்கு மேல் மாதிரி விளக்கிவிட்டது. பயிற்சிப் புள்ளிகளை விட்டு விலகிய இடங்களில் அதே மாதிரியைச் சோதித்தபோது கணிப்புத் திறன் ஏறக்குறைய பூஜ்யமாகிவிட்டது.

மாதிரியும் தரவும் ஒன்றுதான். மாறியது சோதனைப் புள்ளிகள் நின்ற இடம் மட்டுமே. இவ்விதழின் ஆசிரியர் உரை இந்த ஒரு செய்தியையே எடுத்துக்கொள்கிறது. இடஞ்சார் தரவுடன் வேலை செய்யும் நாம் அனைவரும், நிலத்தை ஆய்பவராயினும் நோயை ஆய்பவராயினும் மூளையை ஆய்பவராயினும், துல்லியம் என்று ஓர் எண்ணைச் சொல்லும்போது அது எவ்வளவு தொலைவில் பெறப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தொலைவு சொல்லப்படாத துல்லியத்தை வாசகர் எதனுடனும் ஒப்பிட முடியாது.

காரணம் நம் துறைக்கு அடிப்படையானது. அருகருகே இருப்பவை ஒத்திருக்கும் என்பதை வால்டோ டோப்ளர் 1970-இல் புவியியலின் முதல் விதியாக எழுதினார். காட்டின் உயிர்த்திரளுக்கு அது பொருந்தும். மழைக்கும் வெப்பத்திற்கும் நில உயரத்திற்கும் இன்னும் நன்றாகப் பொருந்தும். ஆகவே ஒரு சோதனைப் புள்ளியின் தட்பவெப்பத் தகவல்கள், ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பயிற்சிப் புள்ளியின் தகவல்களோடு ஏறக்குறைய அப்படியே பொருந்திவிடும். நெகிழ்வு மிகுந்த ஒரு கற்றல் முறை அந்தப் பொருத்தத்தை வைத்து அண்டைப் புள்ளியைக் கண்டுபிடித்து, அதன் மதிப்பைத் திருப்பிச் சொல்லிவிடும். மழைக்கும் மரத்துக்குமான உறவை அது கற்றிருக்கத் தேவையில்லை. பயிற்சித்தாளில் போட்ட கணக்கையே எண்ணை மட்டும் மாற்றித் தேர்வில் கேட்டால் மாணவர் எடுக்கும் மதிப்பெண் எதைக் காட்டுமோ, அதைத்தான் இந்தத் துல்லியமும் காட்டுகிறது. ப்ளோட்டன் குழு பயன்படுத்திய கணக்கெடுப்பு மரவெட்டு உரிமம் பெற்ற பகுதிகளில் நெருக்கமாக எடுக்கப்பட்டது. வரைபடமோ யாரும் அளக்காத காட்டுக்கும் சேர்த்து வரையப்படுகிறது. அங்கே திருப்பிச் சொல்ல அண்டைப் புள்ளி கிடையாது.

இடத்தின் ஒட்டுறவைப் புரிந்துகொள்ளும் முயற்சி ஒரே துறையில் பிறந்ததல்ல. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் பணிபுரிந்த பொறியாளர் டேனி கிரிகே, ஒரு பாறைத் தொகுதியின் ஓரங்களில் எடுத்த கூறுகளை வைத்துச் செய்த மதிப்பீட்டைப் பின்னர் வெட்டியெடுத்தபோது கிடைத்த தங்கத்தோடு ஒப்பிட்டார். வளமானவை என்று மதிப்பிட்ட தொகுதிகள் மதிப்பீட்டைவிடக் குறைவாகவும், ஏழ்மையானவை என்று ஒதுக்கியவை அதைவிடக் கூடுதலாகவும் தந்தன. 1951-இல் அவர் சமர்ப்பித்த ஆய்வேட்டிலிருந்து கிளைத்த, அருகிலுள்ள அளவீடுகளுக்கு எடையிட்டு அளக்காத இடத்தைக் கணிக்கும் முறையை பிரான்சின் ஜார்ஜ் மாத்ரோன் 1960-களில் கோட்பாடாக்கிக் கிரிகிங் என்று பெயரிட்டார். அதே காலத்தில் சோவியத் வானிலையியலாளர் லெவ் காண்டின், சிதறிக் கிடக்கும் நிலையங்களின் அளவீட்டிலிருந்து வளிமண்டலப் புலத்தை மீட்க ஏறக்குறைய அதே சமன்பாடுகளை 1963-இல் நூலாக்கினார். சுவீடனின் காட்டுக் கணக்கெடுப்பிலிருந்து பெர்டில் மாட்டர்ன் 1960-இல் தந்த உடன்மாறுபாட்டுச் சார்பை இன்று இயந்திரக் கற்றலில் காஸியன் செயல்முறை பழகும் மாணவர் முதல் வாரத்திலேயே எழுதிப் பார்க்கிறார்.

தங்கமும் வானிலையும் காடும் தனித்தனியே ஒரே கணிதத்தை வந்தடைந்தன. ஆனால் அந்தக் கணிதம் எங்கே பொய்த்துப்போகும் என்ற பாடம் துறை விட்டுத் துறை சென்று சேர்வதில்லை. கிரிகேயின் கையில் ஓர் அரிய வசதி இருந்தது. மதிப்பிட்ட பாறையை நிறுவனம் வெட்டியே ஆக வேண்டும்; மதிப்பீடு தவறினால் ஆலையில் தெரிந்துவிடும். நம்மில் பெரும்பாலோர் வரையும் வரைபடங்களை யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. ஆகவே சரிபார்ப்பு முறை ஒன்றே நமக்கும் வாசகருக்கும் இடையிலான சாட்சி.

மூளைப் படமெடுப்புத் துறையின் அனுபவம் இதில் மிகுந்த கவனத்துக்குரியது. ஆண்டர்ஸ் எக்லுண்ட், தாமஸ் நிக்கோல்ஸ், ஹான்ஸ் க்னட்சன் மூவரும் 2016-இல், ஓய்வு நிலையில் படமெடுக்கப்பட்ட 499 ஆரோக்கியமானவர்களின் செயல்முறை எம்.ஆர்.ஐ. தரவை எடுத்து, 30 லட்சம் குழுப் பகுப்பாய்வுகளை நடத்தினார்கள். உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாத குழுக்களை ஒப்பிட்டதால், 5 விழுக்காடு அளவுக்கே பொய்யான கண்டுபிடிப்புகள் வந்திருக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் மூன்று மென்பொருள்களிலும் திரள் அளவிலான முடிவுகளில் அது சில அமைப்புகளில் 70 விழுக்காடு வரை சென்றது. முதன்மையான காரணமாக அவர்கள் சுட்டியது இடஞ்சார் தன்னொட்டுறவின் வடிவத்தை. மூளையின் அடுத்தடுத்த கனப்புள்ளிகளுக்கிடையிலான ஒட்டுறவு காஸியன் வளைவுபோல விரைவாக அடங்கிவிடும் என்று மென்பொருள்கள் எடுத்துக்கொண்டன. தரவில் அது நீண்ட வாலோடு இருந்தது. புவிப்புள்ளியியலில் பழகியவர், தொலைவு கூடக் கூட மதிப்புகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் வேரியோகிராமை வரைந்து பார்த்த பிறகே மேலே செல்வார். மில்லிமீட்டர் அளவிலான தரவுக்கும் அந்தப் பழக்கம் தேவைப்பட்டது.

திசுவின் மரபணு வெளிப்பாட்டை இடவாரியாக அளக்கும் இளைய துறையில் இந்தப் பாடம் இப்போதே பயன்படும். அத்துறையின் விசியம் என்ற தொழில்நுட்பத்தில் 55 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள புள்ளிகள், மையத்துக்கு மையம் 100 மைக்ரோமீட்டர் இடைவெளியில் அமைகின்றன. 2018-இல் வந்த 'ஸ்பேஷியல்டிஈ' போன்ற கருவிகள் காஸியன் செயல்முறையையே பயன்படுத்துகின்றன. கணிதத்தில் அது கிரிகிங்கின் உடன்பிறப்பு. ஒரே திசுத் துண்டின் புள்ளிகளைக் கலைத்துப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தால் ஆப்பிரிக்கக் காட்டில் நடந்ததே இங்கும் நடக்கும். மாதிரி புதிய நோயாளிக்குப் பயன்பட வேண்டுமென்றால், சோதனைத் துண்டு இன்னொருவருடையதாக இருக்க வேண்டும். இங்கே தொலைவு என்பது மைக்ரோமீட்டர் கணக்கு அல்ல. ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்கு உள்ள தொலைவு.

துல்லியத்தை மட்டுமல்ல, முடிவின் திசையையே இடம் மாற்றிவிடக்கூடும். ஸ்டான் ஓபன்ஷாவும் பீட்டர் டெய்லரும் 1979-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தின் 99 கவுண்டிகளை வெவ்வேறு வகையில் சேர்த்துப் பெரிய மண்டலங்களாக்கிப் பார்த்தார்கள். முதியோர் விகிதத்துக்கும் குடியரசுக் கட்சி வாக்கு விகிதத்துக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு, எல்லைக் கோடுகளை மாற்ற மாற்ற, வலுவான எதிர்மறையிலிருந்து முழுமையை நெருங்கும் நேர்மறை வரை எல்லா மதிப்புகளையும் எடுத்தது. மக்கள் மாறவில்லை, வாக்கும் மாறவில்லை. நோய் வரைபடத்தில் வட்டம், மாவட்டம் என்று தொகுத்து மாதிரி அமைக்கும்போதெல்லாம் இதே நிலத்தில்தான் நிற்கிறோம். ஆனாலும் ஒரே ஒரு எல்லை வகுப்பில் கிடைத்த கெழுவை மட்டும் தரும் கட்டுரைகளே அதிகம்.

உள்ளீடுகளைப் பற்றியும் ஒரு சொல். நாம் தரவு என்று எடுத்துக்கொள்ளும் பல அடுக்குகள் ஏற்கெனவே ஒரு மாதிரியின் வெளியீடுகள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் 0.25 பாகைக் கட்ட மழைத் தரவு 1901 முதலான நாள்வாரி மழையைத் தரும் பெரும் கொடை. 6,955 மழைமானி நிலையங்களின் பதிவுகளிலிருந்து, தொலைவுக்கேற்ப எடையிடும் ஷெப்பர்டு இடைக்கணிப்பு முறையில் அது உருவாக்கப்பட்டது. எல்லா நிலையங்களும் எல்லா ஆண்டுகளிலும் இயங்கியவை அல்ல. ஒரு கட்டம் ஏறக்குறைய 27 கிலோமீட்டர் அகலம். நீலகிரியில் தென்மேற்குப் பருவமழையை முகத்தில் வாங்கும் அவலாஞ்சியும், மழைமறைவில் இருக்கும் கிழக்குச் சரிவும் ஓரிரு கட்டங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. கோப்பைத் திறந்தால், பல மழைமானிகள் நின்ற கட்டமும் ஒன்றுகூட இல்லாத கட்டமும் ஒரே மாதிரியான எண்ணாகவே தெரியும். இதை உள்ளீடாக்கி ஒரு கிலோமீட்டர் நுணுக்கத்தில் நிலத்தடி நீரையோ கொசுப் பெருக்கத்தையோ கணிப்பவர், இடைக்கணிப்பின் மென்மையையும் சேர்த்தே தம் மாதிரிக்குள் கொண்டுவருகிறார்.

இவ்வளவையும் படித்துவிட்டு, இனி எல்லோரும் தரவைப் பெரும் கட்டங்களாகப் பிரித்து இடஞ்சார் குறுக்குச் சரிபார்ப்பு செய்தால் போதும் என்று முடிவுகட்டுவது சரியல்ல. அலெக்ஸாண்டர் வாடூவும் உடன் ஆய்வாளர்களும் 2021-இல் அதை மறுத்து வலுவாக எழுதினார்கள். வரைபடப் பரப்பு முழுவதிலிருந்தும் நிகழ்தகவு முறையில் கூறெடுத்திருந்தால், வழக்கமான மதிப்பீடே அந்தப் பரப்பின் சராசரிப் பிழையைச் சரியாகத் தரும். கட்டம் பிரித்துச் சோதிப்பது பிழையை மிகைப்படுத்திவிடும் என்பது அவர்கள் வாதம். அது சரியான வாதம். அதை ஏற்பதால் ப்ளோட்டன் குழுவின் முடிவு பொய்யாகிவிடாது. ஒரு தரப்பு பேசுவது நிலத்திலேயே தற்செயலாகத் தேர்ந்த புள்ளிகளைப் பற்றி. மறு தரப்பு பேசுவது சாலையோரத்திலும் உரிமப் பகுதியிலும் வசதிக்கேற்பத் திரண்ட புள்ளிகளைப் பற்றி.

இங்கேதான் நம் துறை தெளிவு பெற வேண்டும். ரோதம்ஸ்டெட் வயல்களில் ரொனால்டு ஃபிஷர் 1920-களில் வலியுறுத்திய தற்செயலாக்கம், மண்ணில் கால் வைக்கும்போதே நடந்தது. எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதே சீட்டுக் குலுக்கலாக முடிவானது. இன்று நாம் செய்யும் தற்செயல் பிரிப்போ, எங்கே அளப்பது என்பதை வேறு காரணங்கள் தீர்மானித்துவிட்ட பிறகு, கணினிக் கோப்பின் வரிசைகளில் நடக்கிறது. முன்னது முழுப் பரப்பைப் பற்றிப் பேச நமக்கு உரிமை தருகிறது. பின்னது அளந்த இடங்களின் அக்கம்பக்கத்தைப் பற்றி மட்டுமே பேச உரிமை தருகிறது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து வந்ததே குழப்பத்தின் வேர்.

ஆகவே இந்த இதழுக்குக் கட்டுரை அனுப்புவோரிடம், துறை எதுவாயினும், அடுத்த இதழ் முதல் நான்கைக் கேட்கவிருக்கிறோம்.

முதலாவது, தொலைவுகளின் பரவல். கணிக்கப்படும் ஒவ்வொரு இடத்திலிருந்தும் மிக அருகிலுள்ள பயிற்சிப் புள்ளிக்கு உள்ள தொலைவும், சோதனைப் புள்ளிகளுக்கு அதே தொலைவும் ஒரே வரைபடத்தில் தரப்பட வேண்டும். இரு வளைவுகளும் ஒத்திருந்தால் சோதனை பயன்பாட்டைப் பிரதிபலிக்கிறது. ஒத்திருக்கும்படி சோதனைப் புள்ளிகளை அமைக்கும் முறைகள் 2022 முதலே கையில் உள்ளன. கூறெடுப்பு நிகழ்தகவு முறையில் நடந்திருந்தால் அதை விளக்கி எழுதினால் போதும்.

இரண்டாவது, எச்சங்களின் வேரியோகிராம். மாதிரி விளக்காமல் விட்டதில் இடத்தின் ஒழுங்கு இன்னும் மிச்சமிருந்தால், வாசகர் அதைப் பார்க்க வேண்டும். நம்பக இடைவெளிகள் தன்னொட்டுறவைப் பற்றி எதை எடுத்துக்கொண்டு கணக்கிடப்பட்டன என்பதும் அதனோடு வர வேண்டும்.

மூன்றாவது, தொகுத்த தரவில் கண்ட உறவாயின் குறைந்தது இன்னொரு எல்லை வகுப்பிலோ கட்ட அளவிலோ கிடைத்த முடிவு. அதோடு உள்ளீட்டு அடுக்குகள் ஒவ்வொன்றும் அளவீடா, இடைக்கணிப்பா, வேறொரு மாதிரியின் வெளியீடா என்ற குறிப்பு.

நான்காவது, பேச முடியாத இடங்களைப் பேசாமல் விடுவது. ஹன்னா மேயரும் எட்சர் பெபெஸ்மாவும் 2021-இல் முன்வைத்த பொருந்து பரப்பு என்ற கருத்து இதற்கு உதவும். உள்ளீட்டு மதிப்புகள் பயிற்சித் தரவிலிருந்து வெகுவாக விலகும் இடங்களைக் கணக்கிட்டு, வரைபடத்தில் நிறம் தீட்டாமல் விடலாம். நிறம் இல்லாத பகுதி ஆய்வின் தோல்வி ஆகாது. அடுத்த களப்பணி எங்கே தேவை என்பதை அது மற்றவர்களுக்குச் சொல்கிறது.

தரவை வெளியிட முடியாத நிலை சிலருக்கு உண்டு. நோயாளியின் வீடு இருக்கும் இடமே அவருடைய அடையாளம்; அதைப் பாதுகாப்பது முதல் கடமை. அத்தகைய ஆய்வுகளில் நிரலையும், அதே உடன்மாறுபாட்டு அமைப்பில் உருவாக்கிய செயற்கைத் தரவையும் தந்தால், முறையை மற்றவர்கள் சோதிக்க முடியும்.

மதிப்பாய்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த நான்கையும் நேர்மையாகச் செய்யும் கட்டுரையில் துல்லிய எண் பெரும்பாலும் தாழ்ந்துதான் வரும். பழைய முறையில் 0.8 பெற்ற ஆய்வோடு ஒப்பிட்டு, 0.3 பெற்றதை வலுவற்றது என்று ஒதுக்கினால், ஆசிரியர்கள் மீண்டும் எளிய சோதனைக்கே திரும்புவார்கள்; அந்தத் தவறுக்கு நாமே பொறுப்பாவோம். கரிம வரவு வழங்கும் திட்டமும், தடுப்பு மருந்தை எந்த வட்டாரத்துக்கு முதலில் அனுப்புவது என்ற முடிவும், கிணறு தோண்டக் கடன் வாங்கும் விவசாயியின் நம்பிக்கையும் நம் வரைபடங்களின் மேல் நிற்கின்றன. அவற்றைப் பயன்படுத்துவோர் நம் வேரியோகிராமைப் பார்க்கப்போவதில்லை. நிறத்தை நம்பி முடிவெடுப்பார்கள். எனவே தொலைவைச் சொல்லி, சரியான இடத்தில் சோதித்த 0.3 இந்த இதழில் வரவேற்கப்படும். அப்படி வரும் கட்டுரையை எண்ணின் தாழ்வைக் காட்டித் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று ஆசிரியர் குழு உறுதி சொல்கிறது.