உறவுமுறை என்றொரு கட்டம்

முப்பத்தைந்து வருஷமாகப் பழைய காகிதங்களை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவன் நான். புதுச்சேரியில் என் போன்றவர்களுக்கு வேலைக்குப் பஞ்சமே வராது. பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புப் பத்திரம், தாத்தாவின் கல்யாணப் பத்திரம், சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாகப் போன பெரியப்பாவின் பென்ஷன் தாள் என்று எதையாவது மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு யாராவது படியேறி வருவார்கள். மொழிபெயர்த்துக் கொடுப்பேன். மனு எழுதித் தருவேன். 1962 ஆகஸ்ட் 16க்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தவர் பிரெஞ்சுக்காரராக நீடித்தார். எழுதிக் கொடுக்காத அவருடைய தம்பி இந்தியரானார். ஒரே வீட்டில், ஒரே உலையில் வெந்த சோற்றைத் தின்றவர்கள். ஒரு காகிதத்துக்கு எவ்வளவு பலம் என்று இந்த ஊர்க்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

என் மேசைக்கு வந்த இரண்டு காகிதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதல் காகிதம் என் அக்கா கொண்டுவந்தது. அக்கா புருஷன் வீட்டார் 1962இல் எழுதிக் கொடுத்தவர்கள். அதனால் அவள் மகன் பிரெஞ்சுக் குடிமகன். பிரான்சுக்குப் படிக்கப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். 2015 கோடையில் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, அம்மா கையில் ஒரு சின்னப் புத்தகத்தின் நகலைக் கொடுத்துவிட்டுப் போனான். பிரெஞ்சுக் குடும்பங்களில் 'லிவ்ரே' என்பார்கள்; கல்யாணம் ஆனதும் நகராட்சியில் கொடுக்கும் குடும்பப் புத்தகம். அக்கா அதை என் மேசையில் வைத்து, "படிடா" என்றாள். அவளுக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியும். என் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது.

படித்தேன். இரண்டு பெயர்கள். இரண்டும் ஆண் பெயர்கள்.

கொஞ்ச நேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தவள், "ரெண்டு பேரும் புருஷன்னா, பொண்டாட்டின்னு யாரைப் போட்டிருக்கான்?" என்று கேட்டாள். "யாரையும் போடலக்கா" என்றேன். அந்த நகலைக் கூறைப்புடவைக்கு அடியில் வைத்துப் பீரோவைப் பூட்டினாள். விசேஷ வீடுகளில் கேட்டவர்களிடமெல்லாம், "இன்னும் பொண்ணு அமையல" என்று நான்கு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறேன்.

அப்புறம் அவனுக்கு உடம்புக்கு முடியாமல் போய் பாரீஸில் ஒரு ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடந்தது. விடியற்காலை அக்காவுக்கு ஃபோன் செய்து நிலவரம் சொன்னது அந்த இன்னொரு பையன். டாக்டர்கள் அவனிடம்தான் பேசினார்கள். ராத்திரி பூராவும் அவன்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். 'நீ யார், என்ன உறவு' என்று அவனை யாரும் வெளியே நிற்க வைக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அக்கா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "இதுவே நம்ம ஊரா இருந்தா, அந்தப் புள்ளைய உள்ள விட்டிருப்பாங்களாடா?"

நகல் பீரோவை விட்டு வெளியே வந்தது அதற்கு அடுத்த வாரம். இப்போது, "பையன் பேசினான்" என்று அக்கா சொன்னால் எந்தப் பையன் என்று நாங்கள் கேட்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது காகிதத்தின் கதையில் எனக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2014க்கு முன்னால், ஒரு திருநங்கை பள்ளி மாற்றுச் சான்றிதழோடு வந்தார். பெயர் மாற்ற மனு எழுத வேண்டும். உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று அவரைத் திண்ணைக்கு வெளியே வெயிலில் நிற்க வைத்தேன். பிறகு சான்றிதழில் இருந்த பழைய பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மனுவை வாங்கிக்கொண்டு, கேட்ட கூலியைக் கொடுத்துவிட்டுப் போனார். தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தது எனக்கு இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று படுகிறது. "சமூகம் முதலில் மாறட்டும், சட்டமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். நான் பார்த்த வரையில் நடப்பது தலைகீழ். காகிதம் முதலில் வருகிறது, மனசு பின்னாலேயே வந்து சேர்கிறது. அக்காவின் மனசைப் பிரசங்கம் செய்து யாரும் மாற்றவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் செல்லுபடியான ஒரு காகிதம் மாற்றியது.

வெட்கமும் இதே வழியாகத்தான் வந்தது. "இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்" என்று கடற்கரைச் சாலையில் நடக்கும் நண்பர்கள் சொல்வார்கள். இந்த ஊருக்கு வெள்ளைக்காரனிடமிருந்து வந்தது அந்தப் பழக்கத்தைக் குற்றமாக்கிய சட்டம்தான், அதுவும் வெகு தாமதமாக. ஆணும் ஆணும் மனமொத்து வாழ்வதைக் குற்றப்பட்டியலிலிருந்து பிரெஞ்சுப் புரட்சி 1791லேயே எடுத்துவிட்டது. அதன் வழிவந்த தண்டனைச் சட்டம்தான் இங்கே நடந்தது. அதைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு ஆங்கிலேயர் 1860இல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது. அந்தச் சட்டம் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டது 1963 அக்டோபர் 1ஆம் தேதி. ஆங்கிலேயர் கப்பலேறிப் பதினாறு வருஷம் ஆன பிறகு! அதற்கு முன்னால் கோட்டக்குப்பத்தில் குற்றமாக இருந்தது, கூப்பிடு தூரத்தில் இருக்கும் முத்தியால்பேட்டையில் குற்றமில்லை. எல்லைக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே தமிழ், ஒரே மாரியம்மன், ஒரே மீன்குழம்பு.

பிரெஞ்சு ஆட்சிக்குப் பல்லாண்டு பாட நான் வரவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெள்ளை ஊர், இந்தப் பக்கம் கறுப்பு ஊர் என்று பிரித்து வைத்தவர்கள் அவர்கள். பிரான்சிலேயே 1942இல் தன்பாலீர்ப்பாளர்களுக்கு மட்டும் தனி வயது வரம்பு வைத்தார்கள். அது போனது 1982இல்தான். குற்றமென்று எழுதிய காகிதத்துக்கும் தேதி உண்டு, ஊர் உண்டு என்று காட்டத்தான் இதைச் சொல்கிறேன். அந்தக் காகிதத்தை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று அடித்தது. புதுச்சேரியில் அதன் ஆயுள் ஐம்பத்தைந்து வருஷம் கூட முழுதாக இல்லை. அதையா நாம் ஆயிரம் வருஷப் பண்பாடு என்று கட்டிக்கொண்டு அழுகிறோம்?

உடுப்புக்கும் பெயர் மாற்றத்துக்கும் நம் ஊரிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 1870களில் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் பூட்சு போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனார். தமிழன் பூட்சுக் காலோடு வரக்கூடாது என்று தண்டித்தார்கள். பாரீஸ் மேல் நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். உடம்பில் எதை உடுத்துவது என்பது உடுத்துகிறவனின் விஷயம் என்று ஒரு தீர்ப்பு வந்தது, ஊர் பழகிக்கொண்டது. 1881 செப்டம்பர் 21இல் வந்த ஆணைப்படி, தன் சாதி வழக்கச் சட்டத்தை விட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போக விரும்பியவர், அதிகாரி முன்னால் தானே அறிவித்து, புதிய குடும்பப் பெயர் ஒன்றைச் சொன்னால் போதும், பதிவேட்டில் ஏறிவிடும். பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லபோர்த்' ஆனார். அப்படிப் பெயர் மாறியவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் என் வாடிக்கையாளர்கள். "உன் பழைய பெயர் என்ன" என்று நான் அவர்களை ஒருநாளும் கேட்டதில்லை. திண்ணைக்கு வெளியே நின்ற அந்தத் தங்கையை மட்டும் பழைய பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம், தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே என்றது. எனக்கு அது 1881இன் நீட்டிப்பாகத்தான் தெரிந்தது. அடையாளச் சான்றுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்சியர் அலுவலகத்துக்கு வழி காட்டியது. ஆனால் ஒரு சான்றோடு வேலை முடிவதில்லை. மாற்றுச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் பெயரே இல்லை. பிள்ளை வீட்டை விட்டுப் போனதும் பல அப்பாக்கள் முதலில் செய்கிற காரியம் அட்டையிலிருந்து பெயரை எடுப்பதுதான். நம் ஊரில் சிவப்பு அட்டையா மஞ்சள் அட்டையா என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். அரிசி, அரிசிக்குப் பதிலாக வங்கியில் விழுந்த பணம், இன்னும் எத்தனையோ சலுகை. அட்டையில் இல்லாதவர் ஊரில் இல்லாதவர் மாதிரி.

கடலூர் சாலையில் இருக்கிற பிள்ளையார்குப்பத்துக்குக் கூத்தாண்டவர் திருவிழாவுக்குப் போயிருக்கிறேன். திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்ளும்போது நம் பெண்கள் கைகூப்பி நிற்கிறார்கள். குழந்தைகளை ஆசீர்வாதத்துக்கு நீட்டுகிறார்கள். சாமிக்கு மனைவியாக ஏற்றுக்கொள்கிறோம். மாடி போர்ஷனுக்கு வாடகைக்கு வந்தால் "வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன்" என்கிறோம். பக்தி இருந்தும் வாடகைச் சீட்டு எழுத மனசு வரவில்லை என்றால், மனசு மாறட்டும் என்று இன்னும் எத்தனை சித்திரை காத்திருப்பது?

அக்கம்பக்கத்தில் காகிதங்கள் நகர்ந்துகொண்டிருக்கின்றன. தமிழ்நாடு 2008லேயே திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்தது. புதுச்சேரிக்கும் சேர்த்து மேல் நீதிமன்றம் சென்னை உயர் நீதிமன்றம்தான். அங்கே 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இரு பெண்களின் வழக்கில், தனக்கே இது புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு தீர்ப்பு எழுதினார். தன்பாலீர்ப்பை 'குணப்படுத்துகிறேன்' என்று கிளம்பும் வைத்தியத்துக்குத் தடை போட்டார். 2023 நவம்பரில் அவரே, இணைந்து வாழ்கிறவர்கள் குடும்ப இணைவு ஒப்பந்தம் ஒன்றைப் பதிவு செய்துகொள்ள வழி செய்யலாமே என்று தமிழக அரசிடம் சொன்னார். அதற்கு முந்தைய மாதம்தான் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை ஏற்க மறுத்திருந்தது. 2025 மே மாதம் அதே சென்னை உயர் நீதிமன்றம், கல்யாணம் ஒன்றுதான் குடும்பத்துக்கு வாசல் என்றில்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றது. பிரான்சிலும் கல்யாணம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1999இல் இணைவு ஒப்பந்தம், 2013இல் கல்யாணம். நடுவே பதினான்கு வருஷம் ஊர் பழகியது.

மத்திய அரசும் 2024இல் சில காகிதங்களை அனுப்பியது. ஒன்றாக வாழும் தன்பாலின இணையரை ஒரே ரேஷன் அட்டைக் குடும்பமாகக் கருதலாம் என்று மாநிலங்களுக்குக் கடிதம். வங்கியில் கூட்டுக் கணக்குத் திறக்கவும், இணையரை நியமனதாரராகப் போடவும் தடையில்லை என்று விளக்கம். நெருங்கிய உறவினர் இல்லாதபோது இறந்தவரின் உடலை இணையர் பெற்றுக்கொள்ளலாம் என்று சுகாதாரத் துறையின் கடிதம். கடைசியைப் படித்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். உயிரோடு இருக்கும்போது ஆஸ்பத்திரிக்குள் விடுவதைப் பற்றியும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

புதுச்சேரி அரசிடம் நான் கேட்பது காகித வேலை மட்டும்தான். அந்தக் கடிதங்களைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு குடிமைப்பொருள் அலுவலகத்திலும் வங்கிக் கிளையிலும் ஆஸ்பத்திரியிலும் ஒட்டுங்கள். அடையாளச் சான்று வாங்கியவருக்குப் பள்ளிச் சான்றிலிருந்து ரேஷன் அட்டை வரை ஒரே ஜன்னலில் பெயர் மாற்றிக் கொடுங்கள். 'அவசரத்துக்கு யாரைக் கூப்பிட' என்று நோயாளியிடமே எழுதி வாங்குங்கள். எழுதிய பெயரை மதியுங்கள். இணைவு ஒப்பந்தம் பதிவு செய்ய வருகிறவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். 2014 மழையில் இடிந்து விழுந்த மேரி என்ற பழைய நகராட்சிக் கட்டடத்தைத் தூண் தூணாக, பழையபடியே திரும்பக் கட்டிய ஊர் இது. அந்தக் கட்டடத்துக்குள் ஒரு காலத்தில் நடந்த வேலை, வந்து நின்ற மனிதனின் வார்த்தையைப் பதிவேட்டில் ஏற்றுவதுதான்.

போன தை மாதம் திண்ணைத் தங்கை திரும்பவும் வந்தார். இந்த முறை கூடவே எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. திருநங்கைகளின் ஜமாத்தில் இவரை மகளாக எடுத்து வளர்த்தவர்; இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. ஒரே அட்டையில் இருவர் பெயரும் வர வேண்டும். உள்ளே உட்காரச் சொன்னேன். பழைய விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். "அப்ப எல்லாரும் அப்படித்தாண்ணே" என்று முடித்துக்கொண்டார். மன்னித்தாரா, பேச்சை மாற்றினாரா என்று எனக்குத் தெரியவில்லை.

விண்ணப்பத்தில் 'குடும்பத் தலைவருக்கு உறவுமுறை' என்ற கட்டத்தில் பேனா நின்றது. "என்னம்மா போடட்டும்?" என்றேன். தங்கை யோசித்தார். பெரியம்மா, சுவரைப் பார்த்தபடியே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது போல, "மகள்னு போடுப்பா" என்றார்.

போட்டேன். போன வாரம் அந்த விண்ணப்பம், அந்தக் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டத்தோடு திரும்பி வந்திருக்கிறது. புதுத் தாளில் மறுபடி எழுதியிருக்கிறேன். அதே கட்டம், அதே சொல். இந்த முறை எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கிறேன்.