நடாமலே வளர்ந்த காடு!

மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜரில், நட்ட மரக்கன்றுகளில் பெரும்பாலானவை கருகிப்போயின. 1983-ல் ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் டோனி ரினாடோ ஒன்றைக் கவனித்தார். வயலில் புதர்போல் கிடந்தவை, வெட்டப்பட்ட நாட்டு மரங்களின் துளிர்கள். மண்ணுக்குள் வேர் உயிரோடு இருந்தது!

விவசாயிகள் நல்ல துளிர்களை மட்டும் விட்டு, மற்றவற்றைக் கவாத்து செய்தனர். மரங்கள் எழுந்தன. 'காவோ' மரம் மழைக்காலத்தில் இலை உதிர்ப்பதால், கம்புக்கும் சோளத்துக்கும் நிழல் தொல்லை இல்லை. இலை உரமானது, காய் தீவனமானது, கழித்த கிளைகள் விறகாக விலைபோயின.

முன்பு சட்டப்படி மரங்கள் அரசுக்கே சொந்தம். அதனால் துளிரைக் காக்க யாருக்கும் மனமில்லை. அந்தக் கெடுபிடி தளர, சுமார் 20 ஆண்டுகளில் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் தழைத்தன.

பலன் தனக்குத்தான் என்றால், துளிரை யார்தான் பிடுங்குவார்?