கட்டி கெட்டி, செல் மெத்து

மார்பில் கட்டி தட்டுப்படுகிறது என்று வரும் பெண்ணிடம் மருத்துவர் கையால் தேடுவது இரண்டு விஷயங்கள்: எவ்வளவு கெட்டியாக இருக்கிறது, தள்ளினால் நகர்கிறதா? கல்போல இறுகி, ஒட்டிக்கொண்டு நின்றால் சந்தேகம் வலுக்கும். ஆனால், அதே கட்டியிலிருந்து ஒரு புற்றுச் செல்லைப் பிரித்தெடுத்து அழுத்தினால், பெரும்பாலும் அது இயல்பான செல்லைவிட எளிதாக அமுங்குகிறது.

கட்டியை இறுக்குவது, செல்களைச் சுற்றிக் குவிந்து ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும் கொலாஜன் இழைகள். செல்லை மென்மையாக்குவது அதன் உட்சட்டகத்தில் நேரும் மாற்றம். நெருக்கமான திசுவுக்குள் நுழைந்து, ரத்தக் குழாயில் ஏறி, வேறோர் உறுப்பில் இறங்க வேண்டிய செல்லுக்கு வளைந்துகொடுக்கும் உடல் வசதிதானே!

2007இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கிம்செவ்ஸ்கி குழுவினர், நோயாளிகளின் நுரையீரல் உறையில் சேர்ந்த நீரிலிருந்து செல்களை எடுத்து, அணுவிசை நுண்ணோக்கியின் முனையால் அழுத்திப் பார்த்தனர். பரவிய புற்றுச் செல்கள், இயல்பான செல்களைவிட 70 சதவீதத்துக்கும் மேல் மென்மையாக இருந்தன. 2012இல் சுவிட்சர்லாந்தின் பாசல் ஆய்வாளர்கள் மார்பகத் திசுத் துணுக்குகளையே இடம் இடமாக அழுத்தி அளந்தனர். இயல்பான திசுவிலும் தீங்கற்ற கட்டியிலும் அளவுகள் ஓரிடத்தில் குவிந்தன; புற்றுத் திசுவில் மென்மையும் கடினமுமாகச் சிதறின. என் பார்வையில், இரண்டில் கனமான சேதி இதுதான். புற்றைக் காட்டிக்கொடுப்பது சராசரி எண் அல்ல, அந்தச் சிதறல்.

அந்த எண்களை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு, 2018இல் சங்கடமான பதில் வந்தது. எம்.சி.எஃப்-7 என்ற ஒரே வகை மார்பகப் புற்றுச் செல்களைப் பல ஆய்வகங்கள் வெவ்வேறு முறைகளில் அளந்தன. நெகிழ்வுத்தன்மையின் அளவு ஆயிரம் மடங்குவரை வேறுபட்டது! முனையின் வடிவம், அழுத்தும் வேகம், செல் தட்டில் ஒட்டியிருக்கிறதா மிதக்கிறதா என எல்லாமே விடையை மாற்றுகின்றன. ‘இத்தனை பாஸ்கலுக்குக் கீழே என்றால் புற்று’ என்று பொதுக்கோடு போட இன்று இடமில்லை. கல்லீரல் இறுக்கத்தை அளக்கும் எலாஸ்டோகிராஃபி மருத்துவமனைகளில் நிலைத்ததற்குக் காரணம், அதன் அளவுகள் திசுப் பரிசோதனை முடிவுகளோடு திரும்பத் திரும்ப ஒப்பிடப்பட்டதுதான். செல் அளவீடும் அந்தச் சலிப்பான வேலையைக் கடந்தாக வேண்டும். அதற்கு முன்பே அதைப் பரிசோதனையாக விற்பது நோயாளிக்குச் செய்யும் அநீதி.

இடைப்பட்ட காலத்தில், விரல் என்னும் பழைய கருவி இருக்கிறது. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வில் 35 முதல் 64 வயதுவரையிலான சுமார் 1.5 லட்சம் பெண்கள் இடம்பெற்றனர். ஒரு பிரிவினரைப் பயிற்சிபெற்ற சுகாதாரப் பெண் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தனர். 2021இல் வெளியான முடிவின்படி, மற்றப் பிரிவினரோடு ஒப்பிட்டால், இப்பிரிவில் புற்று முந்தைய நிலையிலேயே பிடிபட்டது. 50 வயதைத் தாண்டியவர்களிடையே மார்பகப் புற்று மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. எல்லா வயதினரையும் சேர்த்தால், மரணக் குறைவு புள்ளியியல்ரீதியாக உறுதிப்படவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும், நுண்முனைக் கருவிகள் எதற்கும் இவ்வளவு பெரிய, நீண்ட சோதனை நடந்ததில்லை. அரசின் பணம் முதலில் போக வேண்டியது அந்தப் பணியாளர்களின் பயிற்சிக்கும் ஊதியத்துக்கும்தான்.